விசரா அறிக்கை என்ன சொல்லும், என்ன சொல்லாது?

சந்தேக மரணச் செய்தி எதை எடுத்தாலும் கடைசி வரி ஏறக்குறைய ஒன்றுதான்: உள்ளுறுப்புகள் (விசரா) ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டுள்ளன. செய்தி அங்கே முடிந்துவிடும். தடய அறிவியல் ஆய்வகத்தின் நச்சியல் பிரிவில் இருப்பவருக்கு வேலை அங்கேதான் தொடங்குகிறது.

தமிழ்நாட்டில் தடய அறிவியல் துறையின் தலைமை ஆய்வகம் சென்னை மயிலாப்பூரில் இருக்கிறது. மதுரை, கோவை, நெல்லை போன்ற ஊர்களில் மண்டல ஆய்வகங்கள் உண்டு. 1849இல் சென்னை மாகாணத்தில் தொடங்கிய ரசாயனப் பரிசோதகர் ஆய்வகத்தை இந்தியாவிலேயே முதலாவது என்பார்கள்.

நஞ்சு இருக்கிறதா, இல்லையா என்பதை மெஷின் சொல்லிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பாதி முடிவு உள்ளுறுப்புகள் அடங்கிய ஜாடி ஆய்வகத்துக்கு வருமுன்பே தீர்மானமாகிவிடுகிறது. வயிறும் அதில் இருந்ததும் ஒரு ஜாடி, கல்லீரல், சிறுநீரகத் துண்டுகள் இன்னொன்று, ரத்தம் தனி. அழுகாமல் இருக்க உப்பு மேற்கொண்டு கரையாத அளவுக்குச் செறிவான உப்புக் கரைசல் ஊற்றுவார்கள். ஃபார்மலின் ஊற்றினால் தசை இறுகிப்போய் நஞ்சைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. ஜாடியைக் கழுத்துவரை நிரப்பினால் உள்ளே உண்டாகும் வாயு மூடியைத் தள்ளிவிடும். ஊற்றிய உப்புக் கரைசலிலேயே நஞ்சு இருந்ததோ என்று நாளை யாரும் கேட்கக் கூடாது என்பதற்காக அதிலும் கொஞ்சம் தனியே வர வேண்டும். அரக்கு முத்திரையை மாதிரி முத்திரையோடு ஒப்பிட்டுச் சரியாக இருந்தால்தான் ஜாடியைத் திறப்பார்கள்.

எல்லா நஞ்சையும் ஒரே சோதனையில் பிடிக்க வழியில்லை. ஆவியாகிப் போகும் ஆல்கஹால், சயனைடு போன்றவற்றுக்கு ஒரு வழி, பூச்சிமருந்துக்கு ஒரு வழி, ஆர்சனிக் போன்றவற்றுக்கு வேறொரு வழி. கையில் இருக்கும் திசுவோ கொஞ்சம்தான். எதை முதலில் தேடுவது என்பதைக் காவல் நிலையக் கடிதமும் உடற்கூறாய்வுக் குறிப்பும்தான் காட்ட வேண்டும். 'விஷம் உள்ளதா எனப் பரிசோதிக்கவும்' என்று ஒற்றை வரியில் வரும் கடிதத்தால் எந்தப் பயனும் இல்லை.

ஒரு உதாரணம். பூச்சிமருந்து குடித்தவருக்கு மருத்துவமனையில் அட்ரோபின் ஊசி போடுவார்கள். சில நாள் சிகிச்சைக்குப் பின் அவர் இறந்துபோனால், குடித்த மருந்து பெரும்பாலும் சிதைந்து வெளியேறியிருக்கும், அட்ரோபின் மிஞ்சியிருக்கும். ஊமத்தை விதையில் இருப்பதும் அதே வகை ஆல்கலாய்டுதான். பிரித்தெடுத்த சாற்றைப் பீங்கான் கிண்ணத்தில் வைத்து, புகையும் நைட்ரிக் அமிலம் சில சொட்டு விட்டு, நீராவியில் வறள விடுகிறார் வேதியியலர். ஆறியதும் ஆல்கஹாலில் கரைத்த பொட்டாஷ் ஒரு சொட்டு. பளிச்சென்று ஊதா நிறம் எழுந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவந்து மங்குகிறது. இதற்கு விட்டாலி சோதனை என்று பெயர். (பழைய காலத்தில் அந்தச் சாற்றைப் பூனையின் கண்ணில் விட்டு, பாப்பா விரிகிறதா என்று பார்ப்பார்களாம். பூனைகளுக்கு இப்போது விடுதலை.) அட்ரோபின் எங்கிருந்து வந்தது என்பதை நிறம் சொல்லாது. ஊமத்தையில் ஸ்கோபோலமினும் இருக்கும், ஊசி மருந்தில் இருக்காது. அதை ஜிசி-எம்எஸ் (வாயு நிறப்பிரிகை-நிறை நிறமாலை) கருவியில் தேடிப் பார்க்கலாம். சிகிச்சைக் குறிப்பின் நகல் ஒன்று ஜாடியோடு வந்திருந்தால் இவ்வளவு சுற்ற வேண்டியதில்லை.

ஆல்கஹாலில் வேறொரு சிக்கல். உடல் அழுகும்போது நுண்ணுயிரிகளே கொஞ்சம் எத்தனாலை உண்டாக்கிவிடும். அழுகிய ரத்தத்தில் சிறிதளவு ஆல்கஹால் தெரிந்ததும் 'குடித்திருந்தார்' என்று எழுதிவிட்டால், அந்தக் குடும்பத்துக்கு விபத்துக் காப்பீடே கைவிட்டுப் போகலாம். அதனால்தான் நுண்ணுயிரிகளைத் தடுக்க ரத்தக் குப்பியில் சோடியம் ஃபுளோரைடு போடச் சொல்கிறார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயத்தில் கலந்திருந்து உயிர்களைக் குடித்தது மெத்தனால் என்ற வேறொரு ஆல்கஹால். அது உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்குகிறது. சாதாரண சாராயத்தையும் மெத்தனாலையும் மணத்தை வைத்துப் பிரிக்க முடியாது. வாயு நிறப்பிரிகைக் கருவியில் இரண்டும் தனித்தனி முகடாக எழும்.

அறிக்கை நீதிமன்றம் போகிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 293ஆம் பிரிவு, இப்போது பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 329ஆம் பிரிவு. அதன்படி, எழுதியவர் சாட்சிக் கூண்டில் ஏறாமலேயே அறிக்கையைச் சான்றாக ஏற்கலாம். அழைத்தால் போய்த்தான் ஆக வேண்டும். யார் கொடுத்தது, தானே குடித்தாரா என்ற கேள்விகளுக்கு வேதியியலரிடம் பதில் கிடையாது. வயிற்றில் கிடைத்த அளவுகூட மிஞ்சிய அளவுதான், உட்கொண்ட அளவல்ல.

ஒன்றும் கிடைக்காவிட்டால் வழக்கு படுத்துவிடும் என்பதும் சரியல்ல. 1956 நவம்பரில் புனேயிலிருந்து பம்பாய்க்கு ரயிலில் தன்னோடு அழைத்து வந்த லட்சுமிபாய் கர்வே என்ற பெண்ணை நஞ்சூட்டிக் கொன்றதாக டாக்டர் அனந்த் சிந்தாமண் லாகு மீது வழக்கு. ரசாயனப் பரிசோதனையில் எந்த நஞ்சும் தென்படவில்லை. ஆனால் மருத்துவமனையில் அவருக்கு வேறு பெயர் கொடுத்திருந்தார் லாகு, இறந்த பின்பும் உயிரோடு இருப்பதாகக் கடிதங்களை உருவாக்கினார், சொத்தையும் எடுத்துக்கொண்டார். இந்தச் சூழ்நிலைச் சான்றுகளே போதும் என்று உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் 1959 டிசம்பரில் தூக்குத் தண்டனையை உறுதிசெய்தார்கள்.