பிரேக்கை மிதித்தால் ஒளிந்துகொள்ளும் நோய்!

"டக்!"

மேட்டில் ஏறும்போது ஜீப்பின் பின்புறத்திலிருந்து இப்படி ஒரு சத்தம் வந்தால், டிரைவருக்கு முதலில் வரும் சந்தேகம் கிராஸ் மீதுதான். என்ஜினின் சக்தியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் நீண்ட குழாய்க்குப் புரொப்பல்லர் ஷாப்டு என்று பெயர். அதன் இரு முனைகளிலும் கூட்டல் குறி போல இருக்கும் துண்டுதான் கிராஸ். அது தேய்ந்தாலும் "டக்" என்று சத்தம் வரும். ஆகவே கிராஸை மாற்றுகிறார்கள். சில வாரம் கழித்து மறுபடியும் "டக்!" மறுபடியும் புதுக் கிராஸ்!

மதுரை ரோட்டில், எடமலைப்பட்டி புதூர் வட்டாரத்தில் உள்ள ஒரு பட்டறைக்கு அப்படிப்பட்ட ஜீப் ஒன்று வந்து நிற்பதாக வைத்துக்கொள்வோம். பழைய வில்லிஸ் வார்ப்பு. பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் போய்வர வேண்டும் என்று, சொந்தக்காரர் வண்டியை ஆறு அங்குலம் உயர்த்திக் கட்டியிருக்கிறார்.

"அண்ணே, கிராஸை மட்டும் மாற்றிக் கொடுங்கள். நாளைக்குக் கிளம்ப வேண்டும்."

"இதோடு மூன்றாவது கிராஸ், தம்பி. மூன்றுமா மட்டமான சரக்கு?"

கேள்வி நியாயமானது. ஏனென்றால் நோய் கிராஸில் இல்லை. பின் அச்சைத் தாங்கும் இரும்புப் பட்டைகளில் இருக்கிறது.

பட்டைக்கு இரண்டு வேலை

ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய ஸ்பிரிங் பட்டைகள் வண்டியின் பாரத்தைத் தாங்குகின்றன. இது எல்லோரும் அறிந்ததே. ஆனால், அவை சத்தமில்லாமல் இன்னொரு வேலையும் செய்கின்றன. சக்கரம் முன்னோக்கிச் சுழலும்போது அச்சுக்கூடு பின்னோக்கிச் சுழலப் பார்க்கும். தோணியில் நிற்பவன் கரையை நோக்கித் தாவினால், தோணி பின்னால் நகர்கிறது அல்லவா? அதே கதைதான். அச்சுக்கூட்டைச் சுழலவிடாமல் பிடித்துக்கொள்பவை இந்தப் பட்டைகளே. வேறு பிடிமானம் கிடையாது.

பிடி தளர்ந்தால் என்ன ஆகும்? அச்சுக்கூட்டின் மூக்கு (ஷாப்டு வந்து சேரும் பினியன் முனை) மேலே தூக்கும். பட்டையின் முன்பாதி மேல்நோக்கிப் புடைக்கும். பின்பாதி கீழ்நோக்கித் தொய்யும். படுத்திருக்கும் பாம்பு போலப் பட்டை வளைந்து நிற்கும். அந்த நேரத்தில் டயர் சற்று வழுக்கினால் போதும், பட்டை "டக்" என்று பழைய நிலைக்குத் திரும்பும். டயர் மறுபடி தரையைக் கவ்வும், மறுபடி வளையும், மறுபடி திரும்பும். சக்கரம் குதிரைபோலத் துள்ளும். ஒவ்வொரு துள்ளலிலும் கிராஸ் அடி வாங்குகிறது. எத்தனை நாள்தான் தாங்கும்?

இது சாதாரண சக்தி என்று நினைக்க வேண்டாம். போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் என்ஜின் 60 குதிரைச் சக்தி கொண்டது. அதன் திருகுவிசை 105 அடி-பவுண்டுதான். ஆனால் முதல் கியர் அதை 2.67 மடங்கு ஆக்கும். டிரான்ஸ்பர் பெட்டியின் மெதுவான கியர் 1.97 மடங்கு. அச்சுப் பல்சக்கரம் 4.88 மடங்கு. மூன்றையும் பெருக்கினால் சுமார் 2,700 அடி-பவுண்டு! முன் அச்சும் பின் அச்சும் இதைப் பங்கிட்டுக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் செங்குத்தான ஏற்றத்தில் முன் சக்கரங்களின் பாரம் குறைந்துவிடும். அப்போது பெரும்பங்கு பின் அச்சின் தலையில்தான் விழும்.

இந்த முறுக்கம் அந்நாளிலேயே தெரிந்த விஷயம். பிரேக் போடும்போது முன் அச்சு முறுகி ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக இழுத்ததால், போர்க்கால ஜீப்பின் இடது முன் ஸ்பிரிங்கின் கீழே தனியாக ஒரு பட்டை சேர்த்தார்கள்.

உயர்த்தினால் ஏன் கெடுகிறது?

வில்லிஸ் ஜீப்பில் பட்டைகள் அச்சுக்குக் கீழே இருக்கும். வண்டியை உயர்த்த விரும்புகிறவர்கள் அவற்றை அச்சுக்கு மேலே மாற்றிக் கட்டுகிறார்கள். செலவு குறைவு, உயரம் அதிகம். ஆனால் ஒரு கணக்கை மறந்துவிடுகிறார்கள்.

வண்டியைத் தள்ளும் விசை டயர் தரையைத் தொடும் இடத்தில் பிறக்கிறது. பட்டை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு நீளமான நெம்புகோல் அதை முறுக்குகிறது. தரையிலிருந்து அச்சின் மையம் 15 அங்குலம் என்று கொள்வோம். பட்டை அதற்கு 3 அங்குலம் கீழே இருந்தால் நெம்புகோல் 12 அங்குலம். 3 அங்குலம் மேலே போனால் 18 அங்குலம். அதே டயர், அதே என்ஜின், முறுக்கம் மட்டும் ஒன்றரை மடங்கு! அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை வைத்து உயர்த்தினாலும் இதே கதிதான். அதிலும் கட்டைமேல் கட்டை அடுக்குவது சுத்த மடத்தனம்.

நோயைப் பிடிப்பது எப்படி?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். காற்பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு, முதல் கியரில் கிளட்சை மெல்ல விடுகிறார்கள். ஒருவர் பக்கத்தில் குனிந்து பார்க்கிறார். பட்டை அசைவதே இல்லை. "பட்டை நன்றாக இருக்கிறது, கிராஸ்தான் கோளாறு" என்று தீர்ப்பு!

தீர்ப்பு தவறு. பிரேக் கட்டைகள் பொருத்தப்பட்டிருப்பது அந்த அச்சுக்கூட்டின் மீதேதான். என்ஜின் கூட்டைப் பின்னோக்கி முறுக்க, பிரேக் அதே கூட்டை முன்னோக்கி முறுக்குகிறது. இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. பட்டைக்குச் செய்தியே போவதில்லை!

கைப்பிரேக்கைப் போட்டுப் பார்ப்பது இன்னும் வேடிக்கை. வில்லிஸ் வழிவந்த பழைய ஜீப்புகளில் கைப்பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்பர் பெட்டியின் பின்புறத்தில் இருக்கிறது. அங்கேயே சக்தியை மறித்துவிட்டால், அச்சு வரை எதுவும் போகாது.

சரியான சோதனை இது. இரண்டு பிரேக்கையும் விட்டுவிட வேண்டும். சமதளத்தில், பின் சக்கரங்களுக்கு முன்னால் கனமான மரக்கட்டைகளை முட்டுக்கொடுக்க வேண்டும். பின் சக்கர ஓட்டத்தில் மட்டும், முதல் கியரில், கிளட்சைக் கொஞ்சங்கொஞ்சமாக விட வேண்டும். வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் அடியிலும் யாரும் இருக்கக் கூடாது. வண்டிக்கு அடியில் சட்டத்தில் ஒரு கைப்பேசியைக் கட்டிப் படம் பிடித்துக்கொண்டால் போதும்.

படத்தில் பினியன் மூக்கு தூக்கி, பட்டை பாம்புபோல் வளைந்தால் முறுக்கம் உறுதி. பட்டை வளையாமல் அச்சுக்கூடு மட்டும் இருக்கையில் நழுவினால், யு போல்டு தளர்ந்திருக்கிறது. பட்டையின் முன் கண் அசைந்தால் புஷ் தேய்ந்துவிட்டது. என்ஜினே ஒரு பக்கம் சாய்ந்தால் அதன் ரப்பர் தாங்கி போய்விட்டது. எதுவும் அசையாமல் சத்தம் மட்டும் வந்தால்? அப்போது கிராஸைக் குற்றம் சொல்லலாம்!

அளவுநாடாவையும் மறக்கக் கூடாது. முன் கண்ணிலிருந்து அச்சு வரை இரு பக்கமும் ஒரே தூரம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சென்டர் போல்டு முறிந்து அச்சு நகர்ந்திருக்கலாம்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே பின் சக்கர ஓட்டத்தில் போகும்போது ஷாப்டு அறுந்தால், என்ஜினின் பிடி அந்தக் கணமே போய்விடும். கைப்பிரேக்கும் அந்த ஷாப்டின் வழியாகத்தான் சக்கரத்தைப் பிடிக்கிறது. அதுவும் போயிற்று! மிச்சம் இருப்பது காற்பிரேக் ஒன்றுதான். சுழலும் ஷாப்டின் அறுந்த முனை பிரேக் குழாயில் அடித்துவிட்டால் அதுவும் சந்தேகம்.

மருந்து

முதலில் அடுக்குக் கட்டைகளை எடுத்தெறிய வேண்டும். களைத்துப்போன மெயின் பட்டையை மாற்ற வேண்டும். அதன்பிறகும் முறுகினால், அச்சுக்கூட்டிலிருந்து சட்டத்துக்கு ஒரு தாங்குகம்பி கட்டலாம். கம்பியின் முன்முனையை நேராகச் சட்டத்தில் இறுக்கிவிடக் கூடாது. ஊசலாடும் ஷேக்கிளில் தொங்கவிட வேண்டும். ஏனென்றால் பட்டை விரியும்போது அச்சு போகும் வளைவு வேறு, கம்பி போகும் வளைவு வேறு. இரண்டையும் இறுக்கிக் கட்டினால் ஏதாவது ஒன்று உடைந்தே தீரும்.

சட்டத்தையும் நினைவில் வைக்க வேண்டும். கம்பெனி பதிவு செய்த அமைப்பை மாற்றுவதை 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. எனவே மலைக்குப் போவதற்கு முன், ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போவது நல்லது.

மூன்று கிராஸ் வாங்கிய ஜீப்புக்கு இந்த மருந்தெல்லாம் ஆனபின், பினியன் மூக்கைச் சற்றுக் கீழ்நோக்கி வைக்க ஓர் ஆப்புத் தகடும் போட வேண்டியிருக்கும். புதிய பட்டைகள் படிந்து உட்காரும் என்பதால், சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் வண்டி ஒருமுறை பட்டறைக்குத் திரும்பி வர வேண்டும், யு போல்டுகளை மறுபடி முடுக்க.