மூன்று 'அனார்கலி'யிலும் ஒரே சுலோசனா

உங்களுக்குத் தெரியுமா?

1928-இல் வந்த 'அனார்கலி' மௌனப்படத்தின் நாயகி சுலோசனா. 1935-இல் அதே கதை பேசும்படமானபோதும் அவர்தான் அனார்கலி. 1953-இல் பீனா ராய் அனார்கலியாக நடித்த படத்திலும் சுலோசனா உண்டு, அனார்கலியின் காதலன் சலீமின் தாயாக!

• இயற்பெயர் ரூபி மையர்ஸ். புனேயில் பிறந்த யூதப் பெண். டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். இயக்குநர் மோகன் பவ்னானி நடிக்க அழைத்ததும் முதலில் மறுத்துவிட்டார்.

• 'வைல்ட்கேட் ஆஃப் பாம்பே' (1927) படத்தில் அவருக்கு எட்டு வேடங்கள். தோட்டக்காரர், போலீஸ்காரர், ஹைதராபாத் கனவான், வாழைப்பழம் விற்பவர்... வசனமே கிடையாது. நடையிலும் உடையிலும் முகபாவத்திலும்தான் ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்ட வேண்டும். இன்றைக்கு நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது.

• பேசும்படம் வந்ததும் ஹிந்துஸ்தானி சரளமாக வராதது பெரிய தடையானது. பல மௌனப்பட நட்சத்திரங்கள் அத்தோடு ஒதுங்கினார்கள். இவர் ஓராண்டு நடிப்பை நிறுத்திவிட்டு மொழியைக் கற்றார். திரும்பி வந்து, தன் மௌனப்பட வெற்றிகளையே பேசும்படமாக மறுபடி நடித்தார். 1934-இல் வந்த 'இந்திரா எம்.ஏ.' அவற்றில் ஒன்று. அந்தத் துணிச்சலுக்குத் தனிக் கைதட்டல் தரலாம்.

• 1973-ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது இவருக்கே.