ஞாயிறு மாத்திரை, திங்கள் ரத்தம்

இரவு ஒன்பதரைக்கு வாட்ஸ்ஆப்பில் ரிப்போர்ட் வந்தது. அந்த நேரத்தில் டாக்டரைக் கூப்பிட முடியாது; பார்த்துவிட்டுத் தூங்கவும் முடியாது. தடித்த எழுத்தில் நான்கைந்து எண்கள், பக்கத்தில் அம்புக்குறிகள். ஈ.எஸ்.ஆர். 62. ஹீமோகுளோபின் 9.6. கல்லீரலுக்கான எஸ்.ஜி.பி.டி. 40-க்குள் இருக்க வேண்டியது, 72. சி.ஆர்.பி. மட்டும் ஆறுதல் தந்தது. போன முறை 22, இப்போது 1.8.

எனக்கு முடக்குவாதம் வந்து ஏழு வருடமாகிறது. எங்கள் ஆச்சி காலத்தில் சரவாங்கி என்பார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தி, மூட்டுகளின் உட்சவ்வையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிற நோய். காலையில் எழுந்ததும் பால் பாக்கெட்டின் முனையைக் கத்தரிக்க விரல் மடங்காது. அதோடு ஒருவாறு வாழப் பழகிவிட்டேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் இந்தத் தாளுக்குத்தான் பழக முடியவில்லை.

அன்று இரவு, கல்லீரல் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினேன். சி.ஆர்.பி.யைப் பார்த்து, நோயாவது அடங்கியதே என்றும் நினைத்துக்கொண்டேன். பயம், நிம்மதி இரண்டுமே தப்புக் கணக்கு.

ஈ.எஸ்.ஆர். சோதனையை லேப்பில் ஒருமுறை நின்று பார்த்திருக்கிறேன். உறையாதபடி மருந்து கலந்த ரத்தத்தை ஒல்லியான நீளக் குழாயில் ஏற்றி, செங்குத்தாக நிறுத்திவிடுகிறார்கள். ஒரு மணி நேரம் யாரும் தொடக் கூடாது. சிவப்பணுக்கள் மெல்லக் கீழே இறங்க, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் நிற்கும். அந்தத் தெளிந்த பகுதி எத்தனை மில்லிமீட்டர் என்பதுதான் நமக்கு வரும் எண். ஸ்வீடனில் ராபின் ஃபாரேயஸ் 1918-லும், ஆல்ஃப் வெஸ்டர்கிரென் 1921-லும் செம்மைப்படுத்திய முறை, பெரிய மாற்றமில்லாமல் இன்றும் நடக்கிறது.

சிவப்பணுக்களின் மேற்பரப்பில் எதிர்மின் ஏற்றம் உண்டு. அதனால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியே மிதக்கும். உடம்பில் அழற்சி இருந்தால் கல்லீரல் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தைக் கூடுதலாகச் சுரக்கிறது. அது அந்தத் தள்ளலைக் குறைத்துவிட, அணுக்கள் அப்பளக் கட்டு போல ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொள்கின்றன. கட்டாகச் சேர்ந்தது கனம், வேகமாக இறங்கும். ஆனால் ரத்தசோகை இருந்தாலும் வேகமாக இறங்கும். வயது ஏறினாலும், கர்ப்பமாக இருந்தாலும் எண் கூடும். 9.6 ஹீமோகுளோபினோடு 62 ஈ.எஸ்.ஆர். வந்தால், அதில் மூட்டின் பங்கு எவ்வளவு, ரத்தசோகையின் பங்கு எவ்வளவு என்று அந்தக் குழாய் பிரித்துச் சொல்லாது. ரத்தசோகைக்கே இந்த நோய் ஒரு காரணம்: நாள்பட்ட அழற்சி, உடம்பில் இருக்கும் இரும்புச்சத்தையும் சேமிப்பிலேயே பூட்டி வைத்துவிடுகிறது.

சி.ஆர்.பி. இதைவிடச் சுறுசுறுப்பான ஆள். 1930-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் வில்லியம் டில்லெட்டும் தாமஸ் ஃபிரான்சிஸும், நிமோனியா வந்தவர்களின் ரத்தத்தில் கண்டுபிடித்த புரதம். அழற்சி தொடங்கிய சில மணி நேரத்திலேயே ஏறும். காரணம் நீங்கினால், ஏறக்குறைய 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஈ.எஸ்.ஆர். இறங்க வாரக்கணக்கில் ஆகும். அதனால்தான் ஒன்று குறைந்தும் மற்றது குறையாமலும் ஒரே தாளில் வந்து நம்மைக் குழப்புகின்றன. இன்னொன்று, சி.ஆர்.பி.க்கு மூட்டு, பல் என்ற பேதம் கிடையாது. ஈறு வீங்கினாலும், சளிக் காய்ச்சல் வந்தாலும் ஏறிவிடும்.

என் நிம்மதி தப்பானது ஒரு சின்ன எழுத்தால். இந்த முறை லேப் மாறியிருந்தேன். பழைய லேப் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று போட்டது. புதிய லேப் டெசிலிட்டருக்குப் போட்டிருந்தது. டெசிலிட்டர் என்பது லிட்டரில் பத்தில் ஒரு பங்கு. 1.8 என்றால் பழைய கணக்கில் 18. 22-லிருந்து 18, குறைவுதான், ஆனால் கொண்டாடும் அளவுக்கு ஒன்றுமில்லை. எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் அலகை ஏழு வருடமாக நான் படித்ததே இல்லை.

என் பயத்தின் கதை வேறு. நான் சாப்பிடுவது மெத்தோட்ரெக்சேட். அதன் மூத்த உறவான அமினோப்டெரினைத் தயாரித்தது, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில் லெடர்லே ஆய்வகத்தில் இருந்த குழு. 1947-48-இல் அதைக் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த வழியில் வந்த மெத்தோட்ரெக்சேட்டை, மிகக் குறைந்த அளவில் வாரம் ஒருமுறை முடக்குவாதத்துக்குக் கொடுக்க அமெரிக்கா 1988-இல் அனுமதித்தது. எத்தனையோ பேரின் விரல்கள் கோணாமல் காத்த மருந்து. நான் இதை நன்றியோடுதான் விழுங்குகிறேன். கூடவே கல்லீரலையும் ரத்த அணுக்களையும் கண்காணித்தாக வேண்டும். இது வாரத்துக்கு ஒரு நாள் மருந்து. மறந்து தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் டாக்டரைப் பார்த்தேன். தாளை நீட்டினேன். அவர் அதை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார். ஒவ்வொரு விரல் கணுவாக, மணிக்கட்டு, முழங்கை, தோள், முழங்கால் என்று அழுத்திப் பார்த்தார். மொத்தம் 28 மூட்டுகள். வலிப்பவை எத்தனை, வீங்கியவை எத்தனை, எனக்கே எப்படி இருக்கிறது என்று நான் கொடுக்கும் மதிப்பெண், அதோடு ஈ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி. இவை எல்லாம் சேர்ந்துதான் நோயின் அளவு கணக்காகிறது. நோயாளி வாயால் சொல்வதற்கும் சூத்திரத்தில் ஓர் இடம் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அந்த 28-இல் பாதத்து மூட்டுகள் சேராது; கால் விரல் வலித்தால் நாமாகச் சொல்ல வேண்டும்.

பிறகுதான் தாளைத் திருப்பினார்.

"மாத்திரை என்னைக்கும்மா போடுறீங்க?"

"ஞாயித்துக்கிழமை ராத்திரி, டாக்டர்."

"ரத்தம் கொடுத்தது?"

"திங்கள் காலையில."

அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. மெத்தோட்ரெக்சேட் போட்ட ஓரிரு நாளுக்குள் ரத்தம் எடுத்தால் கல்லீரல் நொதிகள் தற்காலிகமாக ஏறித் தெரியலாம், அடுத்த மாத்திரைக்கு முந்தைய நாள் எடுப்பதே சரி என்றார். "கசாயம், நாட்டு மருந்து ஏதாவது எடுத்தீங்களா? வலி மாத்திரை?" என்றும் கேட்டார். எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. மெத்தோட்ரெக்சேட்டோடு சேர்த்து எழுதித் தந்த ஃபோலிக் அமிலத்தைத் தவறவிடாமல் போடச் சொல்லி, இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார். இது எனக்கான முடிவு. இன்னொருவருக்கு இதே 72 வந்தால் முடிவு வேறாகலாம். எண்ணைப் பார்த்துப் பயந்து தாங்களாகவே மருந்தை விட்டவர்களின் மூட்டு, விட்ட சில வாரங்களில் மறுபடி வீங்குவதை அந்தக் காத்திருப்பு அறையிலேயே பார்த்திருக்கிறேன்.

'நார்மல்' என்ற கட்டத்துக்குள் இருப்பது என்ன? ஆரோக்கியமானவர்கள் பலரைச் சோதித்து, நடுவில் வரும் 95 சதவீதத்தினரின் எல்லையைத்தான் பெரும்பாலும் அங்கே அச்சிடுகிறார்கள். அதாவது நோயே இல்லாத 20 பேரில் ஒருவர் கட்டத்துக்கு வெளியே நிற்பார். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 சோதனைகளைச் செய்துகொண்டால், ஆரோக்கியமான ஆளுக்கும் ஒன்றாவது தடித்த எழுத்தில் வர 64 சதவீத வாய்ப்பு. அதேபோல, முடக்குவாதத்துக்கான ரத்தச் சோதனையான ஆர்.ஏ. ஃபாக்டர் 180 இருந்தது 240 ஆகிவிட்டதே என்று அழுபவர்களும் உண்டு. அந்தச் சோதனை நோயைக் கண்டுபிடிக்க உதவுவது. நோய் ஏறுகிறதா இறங்குகிறதா என்று அளக்கும் கோல் கிடையாது.

எதற்கும் கலங்காதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. வெள்ளையணுவோ தட்டணுவோ சடாரென்று இறங்கினால், கிரியேட்டினின் ஏறினால் அன்றே டாக்டருக்குத் தெரியப்படுத்த வேண்டும். காய்ச்சல், வறட்டு இருமலோடு மூச்சிரைப்பு, வாயில் புண், கண்ணில் மஞ்சள் என்றால் ரிப்போர்ட் வரும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது.

இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, லேப், எண், அலகு. கடைசி மாத்திரை என்று போட்டது, அந்த வாரம் சளி பிடித்ததா, காலையில் விரல் மடங்க எத்தனை நிமிடமானது. ரிப்போர்ட்டை இரவில் திறப்பதில்லை என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். காலை காபி முடிந்த பிறகு, நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை லேப்புக்குப் போனேன். "அக்கா, நீங்க போன தடவை திங்கக்கிழமைதானே வந்தீங்க?" என்று கேட்டபடியே ரத்தம் எடுக்கும் தம்பி நரம்பைத் தேடினான். எஸ்.ஜி.பி.டி. 36.