விடியும்வரை பொறுத்திருக்கலாமா?

நோய் நேரம் பார்த்து வருவதில்லை. ஆனால் நாம் வழமையாக மருந்தெடுக்கும் இடங்களுக்கு நேரம் உண்டு. கிராமத்திலுள்ள, விடுதி வசதியற்ற சிறிய அரச மருத்துவ நிலையம் பின்னேரத்துடன் பூட்டப்பட்டுவிடும். சந்தியில் கிளினிக் வைத்திருக்கும் வைத்தியரும் இரவானதும் வீட்டுக்குப் போய்விடுவார். அதன்பின் பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறினால், அம்மாவுக்கு நெஞ்சு நொந்தால் என்ன செய்வது? எமது பெண்களில் பலர் கூறும் பதில் ஒன்றுதான்: "விடியட்டும், பாப்பம்."

இந்த வார்த்தைக்கு ஒரு வரலாறு உண்டு. 2006 ஆகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டபோது யாழ்ப்பாணத்தில் ஊரடங்குச் சட்டமும் வந்தது. பொழுதுபட்டால் படலை திறக்கப் பயம். பிரசவ வலி கண்டவளும் மூச்சு முட்டிய முதியவரும் விடியலுக்காகக் காத்திருந்தார்கள். வன்னியில் வாகனமும் எரிபொருளும் கிடைப்பதே அரிதாக இருந்தது. நோயைவிட வெளியில் இறங்குவதே ஆபத்து என்று அன்று நாம் கற்றுக்கொண்டது அறியாமையினால் அல்ல, உயிரைக் காப்பதற்காகவே. 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தது. பொறுத்திருக்கும் பழக்கம் மட்டும் எம்முடன் தங்கிவிட்டது.

இன்று அதற்கு வேறு காரணங்களும் சேர்ந்துள்ளன. மீள்குடியேறிய கிராமமொன்றில் நடந்த கூட்டத்தில், கணவனை இழந்த தாயொருவர் இப்படிச் சொன்னார்: "ஆஸ்பத்திரி தூரமில்லைத் தங்கச்சி. குமர்ப்பிள்ளையைத் தனிய விட்டிட்டுப் போறதுதான் தூரம்." ஆண் துணை இல்லாத வீடு, முன்பின் தெரியாதவரின் முச்சக்கர வண்டி, கையில் காசின்மை, ஊரார் பேச்சு ஆகிய யாவும் உண்மையான தடைகளே. அவற்றைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆயினும் சில நோய்கள் விடியும்வரை பொறுக்கமாட்டா.

சரீன் தடேயஸ், டெபோரா மெயின் என்ற இரு ஆய்வாளர்கள் தாய்மார் மரணங்களைப் பற்றி 1994 இல் எழுதியபோது மூன்று தாமதங்களைச் சுட்டிக்காட்டினார்கள். உதவி தேடுவதென்று முடிவெடுப்பதில் வரும் தாமதம், வைத்தியசாலையைச் சென்றடைவதில் வரும் தாமதம், அங்கு உரிய சிகிச்சை கிடைப்பதில் வரும் தாமதம் என்பனவே அவை. பிரசவத்துக்கு மட்டுமல்ல, இரவில் வரும் எல்லா அவசர நோய்களுக்கும் இது பொருந்தும்.

முதலாவது தாமதம்: முடிவெடுத்தல்

எல்லா நோய்க்கும் நடு இரவில் ஓட வேண்டியதில்லை. தடிமன், மூச்சுத் திணறல் இல்லாத இருமல், குடித்துச் சிரித்து விளையாடும் பிள்ளையின் காய்ச்சல், ஜீவனியும் கஞ்சியும் குடித்துச் சமாளிக்கக்கூடிய வயிற்றோட்டம் ஆகியவை காலைவரை பொறுக்கும். காய்ச்சலுக்கு நிறைக்கு ஏற்ற அளவில் பரசிற்றமோல் மட்டும், ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம். ஐபுபுரோபன், டைக்குளோபெனாக், அஸ்பிரின் கொடுக்கக் கூடாது. டெங்கு நோயானால் இவை இரத்தக்கசிவை அதிகரிக்கும்.

பின்வரும் நிலைமைகளில் விடியலுக்காகக் காத்திருக்கக் கூடாது:

• மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு வரும் எந்தக் காய்ச்சலும். எந்த வயதிலும் வலிப்பு, பால் குடிக்க மறுத்தல், எழுப்பியும் எழும்பாத மயக்கம், மூச்சு இழுக்கும்போது நெஞ்சு உள்ளே குழிதல்.

• டெங்கு சந்தேகமுள்ளவருக்குக் கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, முரசிலோ மூக்கிலோ இரத்தம், கை கால் குளிர்தல், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை. காய்ச்சல் விட்டதும் ஆபத்து விட்டதென்று நினைக்க வேண்டாம். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் வேளையே அதிக கவனம் தேவைப்படும் வேளை.

• கர்ப்பவதிக்கு இரத்தப்போக்கு, பன்னீர்க்குடம் உடைதல், கடும் தலையிடியுடன் கண் மங்குதல், வலிப்பு, வயிற்றில் பிள்ளையின் அசைவு குறைதல். பிரசவித்த தாய்க்கு அளவுக்கு மீறிய இரத்தப்போக்கு.

• நடு நெஞ்சில் அழுத்தும் நோவுடன் வியர்த்தல். முகம் ஒருபக்கம் கோணுதல், ஒரு கை சோர்தல், பேச்சுக் குழறுதல். பாரிசவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து பொருந்துபவர்களுக்கு அது நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்றப்பட வேண்டும். ஆகவே நோய் தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

• பாம்புக்கடி. கண்டங்கருவளை இரவில் நிலத்தில் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடித்த இடத்தில் நோவோ வீக்கமோ இல்லாமலும் இருக்கலாம். பின்னர் வயிற்றுவலி வரும், கண் இமை தானாக மூடும். இறுகக் கட்டுதல், கீறுதல், உறிஞ்சுதல் எதுவும் வேண்டாம். கடிபட்ட அவயவத்தை அசைக்காமல் கொண்டுசெல்லுங்கள். விஷமுறிவு மருந்து ஏற்றுவது வைத்தியசாலையிலேயே முடியும்.

• நஞ்சு அல்லது அளவுக்கு மீறிய மருந்து உட்கொண்டமை. வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். போத்தலையோ மருந்து மட்டையையோ கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

இந்த அறிகுறிகளைக் கண்டால் தம்பி வரட்டும், மாமாவைக் கேட்போம் என்று அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. குடும்பத்தைத் தலைமை தாங்குபவள் நீங்கள். முடிவெடுக்கும் பொறுப்பும் உரிமையும் உங்களுடையவை.

இரண்டாவது தாமதம்: சென்றடைதல்

1990 என்ற இலக்கத்தை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்திருக்க வேண்டும். இது 'சுவசெரிய' அவசர அம்புலன்ஸ் சேவை. இந்திய அரசின் நன்கொடையுடன் 2016 யூலையில் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இச்சேவை, 2018 யூலை 21 இல் யாழ்ப்பாணத்தில் நடந்த நிகழ்வுடன் வடக்குக்கும் வந்தது. பின்னர் கிழக்கு உட்பட நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். தமிழில் பேசலாம். அழைப்புக்கும் பயணத்துக்கும் கட்டணமில்லை. வண்டியில் அவசர மருத்துவப் பயிற்சி பெற்ற உதவியாளர் ஒருவர் வருவார். நோயாளி பொருத்தமான அரச வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்படுவார்.

அழைக்கும்போது பதற்றத்தில் அழுதுகொண்டு நிற்காமல் மூன்று விடயங்களைத் தெளிவாகச் சொல்லுங்கள்: யாருக்கு, என்ன நடந்தது, எங்கே இருக்கிறீர்கள். அழைப்பை எடுப்பவருக்கு உங்கள் ஒழுங்கை தெரியாது. மாவட்டம், கிராமம், அருகிலுள்ள கோவில், பாடசாலை, சந்தி என்பவற்றைச் சொல்லுங்கள். அவர் கேட்டு முடிக்கும்வரை தொலைபேசியைத் துண்டிக்க வேண்டாம். ஒருவர் ரோச் லைற்றுடன் பிரதான வீதியில் நின்றால் வண்டி வீட்டைத் தேடி அலையாது.

வண்டி வரத் தாமதமாகும் என்று அறிந்தால், அயலிலுள்ள நம்பிக்கையான வாகனத்தில் புறப்படலாம். ஆனால் எங்கே போவதென்பதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். விடுதி இல்லாத சிறு நிலையத்துக்கு இரவில் போனால் பூட்டிய கதவைத்தான் காண்பீர்கள். நோயாளரை விடுதியில் வைத்துப் பராமரிக்கும் பிரதேச வைத்தியசாலை, ஆதார வைத்தியசாலை, மாவட்டப் பொது வைத்தியசாலை, போதனா வைத்தியசாலை என்பன இரவிலும் இயங்குபவை. பருத்தித்துறை, சாவகச்சேரி, தெல்லிப்பழை, ஊர்காவற்றுறை ஆகிய இடங்களில் ஆதார வைத்தியசாலைகள் உண்டு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா ஆகிய இடங்களில் மாவட்டப் பொது வைத்தியசாலைகள் உண்டு. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் போதனா வைத்தியசாலைகள் இருக்கின்றன.

மூன்றாவது தாமதம்: சிகிச்சை கிடைத்தல்

வெளிநோயாளர் பிரிவு மூடியிருந்தால் திரும்பிவிடாதீர்கள். பெரிய வைத்தியசாலையில் அவசர சிகிச்சைப் பிரிவு எங்கே என்று வாசலில் கேளுங்கள். சிறிய வைத்தியசாலையில் விடுதியில் கடமையிலுள்ள தாதியிடம் சொல்லுங்கள். அவர் வைத்தியருக்கு அறிவிப்பார். அங்கு முடியாத சிகிச்சையாயின் வைத்தியசாலையே தனது அம்புலன்சில் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பிவைக்கும்.

அவசர சிகிச்சைப் பிரிவில் வந்த ஒழுங்கில் அல்ல, நோயின் கடுமையைப் பொறுத்தே பார்ப்பார்கள். உங்களுக்குப் பின் வந்தவரை முதலில் பார்ப்பது உங்களை அவமதிப்பதாகாது. ஆனால் காத்திருக்கும்போது நோயாளியின் நிலை மோசமானால் மௌனமாக இருக்காமல் தாதியிடம் மீண்டும் சொல்லுங்கள். "ஏன் இந்த நேரத்தில் வந்தீர்கள்?" என்று கேட்டால் அதை ஏச்சாக எடுக்காமல் பதில் சொல்லுங்கள். எப்போது தொடங்கியது, காய்ச்சல் எத்தனை நாள், கடைசியாக என்ன மருந்து எப்போது கொடுத்தது, சிறுநீர் எப்போது போனது, எந்த மருந்து ஒத்துவராது என்பவையே வைத்தியருக்குத் தேவையான செய்திகள்.

மறைக்கப்படும் இரவுக் காயங்கள்

குடித்துவிட்டு வந்தவரின் அடியும் இரவில்தான் விழுகின்றது. விழுந்துவிட்டேன் என்று சொல்லி விடியும்வரை இருக்கும் சகோதரிகள் எத்தனை பேர்! சிகிச்சை பெறுவதற்கு முதலில் பொலிசுக்குப் போக வேண்டியதில்லை. நேரடியாக வைத்தியசாலைக்குச் செல்லலாம். பாலியல் வன்முறைக்கு உள்ளானவருக்குக் கருத்தரிப்பையும் எச்.ஐ.வி. தொற்றையும் தடுக்கும் மருந்துகள் உண்டு. அவற்றை 72 மணித்தியாலத்துக்குள், எவ்வளவு முந்துகின்றோமோ அவ்வளவுக்கு முந்தித் தொடங்க வேண்டும். பல அரச வைத்தியசாலைகளில் வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கு ஆலோசனை வழங்கும் 'நட்பு நிலையம்' உள்ளது. ஆபத்து நேரத்தில் பொலிஸ் அவசர இலக்கம் 119. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. சிறுவர்களுக்கான உதவி இலக்கம் 1929.

மனதின் வலியும் இரவில் கூடும். காணாமற்போன பிள்ளையின் நினைவு, கடன், தனிமை என்று உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அதுவும் ஓர் அவசர நோயே. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை இரவிலும் அழைக்கலாம். அவ்வாறு வாய்விட்டுச் சொல்பவரைத் தனியே விட வேண்டாம்.

பகலில் செய்ய வேண்டியது

இரவின் தடைகளைப் பகலில்தான் நீக்க முடியும். கிளினிக் கொப்பி, பிள்ளையின் சுகாதாரப் பதிவேடு, கர்ப்பவதியின் பதிவேடு, நோய் நிர்ணய அட்டை, தேசிய அடையாள அட்டை, பாவிக்கும் மருந்துகளின் பெயர் ஆகியவற்றை ஒரே பையில் வையுங்கள். கொஞ்சக் காசையும் அதற்குள் மடித்து வையுங்கள். கைத்தொலைபேசியைப் படுக்கப்போகுமுன் சார்ஜ் செய்யுங்கள். இரவில் திறந்திருக்கும் கிட்டடி வைத்தியசாலை எதுவென்று உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டு வையுங்கள்.

இவற்றைவிட முக்கியமானது அயலவருடன் செய்துகொள்ளும் உடன்பாடு. மாதர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்கள். மூன்று நான்கு வீடுகள் சேர்ந்து, யார் யாருடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, யார் நோயாளியுடன் துணைக்குப் போவது, எந்த முச்சக்கர வண்டிக்காரரை நம்பி அழைக்கலாம் என்று தீர்மானித்துவிட்டால், குமர்ப்பிள்ளையைத் தனியே விட்டுப்போகும் பயம் பாதியாகும். இடம்பெயர்ந்து ஒரே மரத்தடியில் உலை வைத்த எமக்கு இது புதிய பாடமல்ல. அன்று ஒருவர் பிள்ளையை மற்றவர் தூக்கிக்கொண்டு ஓடிய அதே கைகள் இன்றும் இருக்கின்றன. அவற்றை இரவுக்காக ஒழுங்குபடுத்தினால் போதும்.