ஆடவரும் மோதிரமும்

திருமண நாளன்று மணமகள் வீட்டார் அன்போடு நீட்டும் பொன் மோதிரத்தை மணமகன் என் செய்வது? மறுத்தால் பெரியவர் மனம் நோகும். அணிந்தால் மார்க்க வரம்பு மீறப்படும். இத்தடுமாற்றம் நம் இல்லங்களுக்குப் புதிதன்று.

மோதிரத்தையே இஸ்லாம் ஆடவர்க்கு விலக்கவில்லை. கி.பி. 628ஆம் ஆண்டளவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அயல்நாட்டு மன்னர்க்குத் திருமுகம் விடுக்க எண்ணியபோது, முத்திரையில்லாத மடலை அவர்கள் ஏற்கமாட்டார்கள் என்று கூறப்பட்டது. அதன்பொருட்டு வெள்ளி மோதிரமொன்று செய்வித்து, 'முஹம்மது றஸூலுல்லாஹ்' எனும் சொற்களை மூன்று வரிகளிற் பொறித்து அணிந்தார்கள். பின்னர் அபூபக்கர், உமர், உதுமான் (றழி) ஆகிய கலீபாக்களிடம் அது விளங்கிற்று. உதுமான் அவர்கள் காலத்தில் மதீனாவின் அரீஸ் கிணற்றில் வீழ்ந்தது. மூன்று நாள் தேடியும் கிட்டவில்லை.

பொன் அணிதலோ பெண்டிர்க்கு ஆகும், ஆடவர்க்கு ஆகாது. ஒருவர் விரலிலிருந்த பொன் மோதிரத்தை நாயகம் கழற்றி எறிந்து, அதை நெருப்புக் கங்குக்கு ஒப்பிட்டார்கள். அவர்கள் சென்றபின், அதனை எடுத்து வேறுவகையிற் பயன்கொள்ளுமாறு அருகிருந்தோர் கூறினர். அவரோ, நாயகம் எறிந்ததைத் தொடேன் என்றார். அது அவருடைய பக்தி. எனினும், அருகிருந்தோர் சொல்லும் பொருளுடையதே: விலக்கப்பட்டது அணிதல், உடைமையன்று.

ஆதலின், மணமகன் அன்பளிப்பை இன்முகத்தோடு பெற்று மணமகளுக்கே அளித்துவிடலாம். தன் சுண்டுவிரலுக்கு எளிய வெள்ளி மோதிரம் போதும். பெரியவர் மனமும் நோகாது, மார்க்கமும் பேணப்படும்.