மலையைப் பார்த்தால் போதுமா? மனிதனைப் பார்க்க வேண்டாமா?

படூர்ச் சாலையில் நின்று கிழக்கே கை நீட்டினால், உப்பங்கழிக்கு அப்பால் கடல். அந்தக் கடலில் ஏறக்குறைய நேர் கிழக்கே 1,500 கிலோமீட்டர் சென்றால் ஓர் எரிமலை! ஆம் தோழர்களே, எரிமலை! அந்தமானைச் சேர்ந்த பாரன் தீவு. இந்திய மண்ணில் இன்றும் கனன்று கொண்டிருக்கும் ஒரே எரிமலை அது.

ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் உறங்கிய அந்த மலை 1991-இல் கண் விழித்தது. 2005-இல் மீண்டும் கனன்றது. 2017-இல் அது சாம்பல் கக்குவதைக் கோவாவின் தேசியக் கடலாய்வு நிலைய விஞ்ஞானிகள் கப்பலிலிருந்தே கண்டார்கள். 2025 செப்டம்பரிலும் சீறியது. தீவில் மனிதர் எவரும் குடியில்லை.

"அப்படியானால் நமக்கென்ன?" என்பார் சிலர். பாரன் தீவு நாளையே நம்மீது பாயும் என்று பயங்காட்ட நாம் வரவில்லை. உலை கொதித்தால் மூடி ஆடும். மலை கொதித்தால் நிலம் அதிரும், புகை பெருகும், மண் வீங்கும். அளக்கக் கருவிகள் உண்டு. அளந்த செய்தி யாருக்குப் போய்ச் சேர்கிறது? அதுதான் நம் கேள்வி!

2004 டிசம்பர் 26-ஐ மறந்துவிட்டோமா? காலை 6.29-க்குச் சுமத்ராவுக்கு அருகே கடலடி நடுங்கியது. அலை நம் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கோவளத்துக் கிழவியும் கோலூன்றி மேட்டுக்கு வந்து சேரப் போதுமான நேரம்! சொல்லத்தான் ஆளில்லை. தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 8,000 உயிர்கள் போயின.

அதன்பின், 2007-இல், ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் வந்தது. வரவேற்கிறோம். ஆனால் மையம் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இந்தோனேசியா சாட்சி. அங்கே அனாக் கிரக்கத்தோவா எரிமலை 2018-இல் மாதக்கணக்கில் குமுறியது. டிசம்பர் 22 இரவு, மலையின் ஒரு பக்கம் சரிந்து கடலில் விழுந்தது. அலை எழுந்து 400-க்கும் மேற்பட்டோரை வாரிச் சென்றது. எச்சரிக்கை ஏற்பாடோ நிலநடுக்கத்துக்காகக் காத்திருந்தது! ஒருவர் மலையைப் பார்த்தார். ஒருவர் நிலநடுக்கத்தைப் பார்த்தார். கரையில் இருந்த மனிதனைப் பார்த்தவர் யார்?

செல்வச் செழிப்புள்ள நியூசிலாந்தைப் பாருங்கள். வக்காரி தீவு எரிமலையின் அமைதி கெட்டது என்று 2019 நவம்பரில் அபாய அளவை உயர்த்தினார்கள். உல்லாசப் பயணம் நிற்கவில்லை. கட்டணம் வந்து கொண்டிருந்ததே! டிசம்பர் 9 அன்று மலை வெடித்தது. தீவில் இருந்த 47 பேரில் 22 பேர் மாண்டனர். அறிவு எச்சரித்தது, ஆதாயம் அதன் வாயைப் பொத்தியது.

ஏழை நாடான வனுவாட்டு என்ன செய்தது? 2017-இல் அம்பே தீவின் எரிமலை குமுறியதும், சுமார் 11,000 மக்களையும் படகேற்றி அயல் தீவுகளுக்கு அனுப்பியது. பணம் அல்ல, மனம் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பாரன் தீவில் சாம்பல் எழுந்தால் வானூர்திகளுக்குச் சொல்ல ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் ஒரு நிலையம் இருக்கிறது. வானத்தில் பறப்பவனுக்குக் கிடைக்கும் அந்த அக்கறை, கடலில் வலை வீசுபவனுக்கும் கிடைக்க வேண்டாமா? ஆகவே கேட்கிறோம்: எச்சரிக்கை தமிழில் வரட்டும், குப்பத்துக்குக் குப்பம் அபாயச் சங்கு ஒலிக்கும் நிலையில் இருக்கட்டும், ஆண்டுதோறும் ஒத்திகை நடக்கட்டும்.

சர்க்கார் செய்யட்டும் என்று நாம் கைகட்டி நிற்பதா? கோவளம் முதல் மாமல்லபுரம் வரை உள்ள கிளைத் தோழர்களே! சங்கு ஊதுகிறதா என்று போய்ப் பாருங்கள். மேட்டுக்கு வழி எது என்று படிப்பகப் பலகையில் எழுதுங்கள். நடக்க இயலாத முதியோர் எந்த வீட்டில் என்று குறித்து வையுங்கள். வாக்குக் கேட்க வாசல்தோறும் சென்ற கால்கள், உயிர் காக்கவும் செல்லட்டும்!