வலி போன பிறகு வரும் மூன்றாவது வாரம்

இம்ப்ளாண்ட் வைத்துப் பதினைந்து, இருபது நாள் ஆனவர் பல் டாக்டரிடம் கேட்பார்: “வலியே இல்லைங்க சார், இப்பவே பல்லைக் கட்டி விட்டுடலாமே?” நியாயமான கேள்விதான். வீக்கம் வடிந்துவிட்டது, தையல் பிரித்தாயிற்று, ஈறும் மூடிக்கொண்டது. ஆனால் இம்ப்ளாண்டாகத் தாடைக்குள் இறக்கிய டைட்டானியத் திருகின் பிடிமானம் மிகவும் தளர்ந்திருப்பது ஏறக்குறைய அந்த நாட்களில்தான். வேடசந்தூரிலிருந்தும் நிலக்கோட்டையிலிருந்தும் பஸ் ஏறித் திண்டுக்கல் வந்து, சேர்த்த காசைக் கொட்டிப் பல் வைக்கிறவர்களை முதல் நாளே உட்கார வைத்து இதைச் சொல்லிவிட வேண்டும்.

பெரும்பாலும் அந்தத் திருகு 4 மி.மீ. கனமும் 10 மி.மீ. நீளமும் இருக்கும். அதற்கான குழியை டாக்டர் ஒரே மூச்சில் துளைப்பதில்லை. மெல்லிய துளைக்கருவியில் தொடங்கி, படிப்படியாகக் கனத்தைக் கூட்டி, உப்புநீரை விடாமல் பீய்ச்சிக்கொண்டே போவார். எலும்பு சூடாகிவிடக் கூடாது என்பதற்குத்தான் அந்த நீர். 47 டிகிரி செல்சியஸ் சூடு ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்புக்குக் கேடு என்று ஸ்வீடனின் எரிக்சனும் ஆல்ப்ரெக்ட்சனும் 1983-இல் காட்டினார்கள்.

முதல் நாள் அந்தத் திருகு நிற்பது, மரத்தில் இறக்கிய திருகாணி நிற்கிற மாதிரிதான், வெறும் இறுக்கம். மரம் அப்படியே இருந்துவிடும், எலும்போ உயிருள்ளது. மரையின் விளிம்பில் நசுங்கிய எலும்பை அது விட்டுவைக்காது. எலும்பை அரிக்கும் செல்கள் வந்து அதை அகற்றும். பின்னாலேயே எலும்பு கட்டும் செல்கள் வந்து, அவசர அவசரமாக, ஒழுங்கில்லாத மென்மையான புது எலும்பை இடும். அது அடுக்கடுக்கான கெட்டி எலும்பாக மாற மாதங்கள் ஆகும். ஒரு பக்கம் பழைய இறுக்கம் குறைந்துகொண்டே வர, இன்னொரு பக்கம் புதுப் பிடிப்பு மெல்ல ஏறும். இரண்டையும் கூட்டினால் மிகக் குறைவாக வருவது மூன்றாவது, நான்காவது வாரத்தில்.

அந்த நேரத்தில் திருகு திரும்பத் திரும்ப 0.15 மி.மீ.க்கு மேல் அசைந்தால் போதும், எலும்புக்குப் பதிலாக நார்த்திசு வளர்ந்து சுற்றிக்கொள்ளும். பிறகு அதைக் கழற்றி எடுக்க வேண்டியதுதான். அந்த அசைவு வலிக்காது என்பதுதான் கொடுமை. சீரக சம்பா பிரியாணியில் கிடந்த ஒரு நல்லி எலும்பை ஆசையாகக் கடித்தவருக்கு, கடித்த அன்று ஒன்றும் தெரியாது.

எவ்வளவு காலம் பொறுப்பது என்று முதலில் வகுத்தவர் ஸ்வீடனின் பெர்-இங்வார் பிரானெமார்க். 1950-களில், எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைப் பார்க்க முயலின் காலில் டைட்டானியக் கூடு ஒன்றைப் பொருத்தியிருந்தார். ஆய்வு முடிந்து கழற்றப் போனால் வரவில்லை; எலும்பு அதோடு ஒன்றிப் போயிருந்தது. காற்றுப் பட்டதுமே டைட்டானியத்தின் மேல் மெல்லிய ஆக்சைடு ஏடு படிந்துவிடும். அதை உடம்பு வேற்றுப் பொருளென்று விரட்டுவதில்லை. 1965-இல் யோஸ்டா லார்ஸன் என்பவரின் தாடையில் முதன்முதலாக டைட்டானியத் திருகுகளை வைத்தார். 2006-இல் லார்ஸன் இறக்கும்வரை அவை பயன்பட்டன. கீழ்த்தாடைக்கு மூன்று மாதம், எலும்பின் நெருக்கம் குறைந்த மேல்தாடைக்கு ஆறு மாதம் என்பது பிரானெமார்க்கின் கணக்கு. மணல் வீசி, அமிலத்தில் அரித்துச் சொரசொரப்பாக்கிய திருகுகள் வந்தபின் பலருக்கு அது 6 முதல் 12 வாரமாகக் குறைந்திருக்கிறது. எலும்பு போதாமல் எலும்புத் தூள் வைத்து நிரப்பியவர்களுக்கு மறுபடி மாதக்கணக்குத்தான்.

திண்டுக்கல்லில் இதைப் பேசும்போது புகையிலையைத் தாண்டிப் போக முடியாது. வேடசந்தூரில் மத்திய அரசின் புகையிலை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. உலகம் திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று புகைத்ததில் இந்தச் சமவெளியின் இலையும் இருந்தது. சுருட்டும் போயிலையும் இங்கே தாத்தா காலத்துப் பழக்கம். அதற்காக யாரையும் ஏச எனக்கு மனம் வராது. ஆனால் நிக்கோட்டின் சிறு ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, சிவப்பணுவில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். புது எலும்பு உருவாக வேண்டிய இடத்தில் ரத்தமும் ஆக்சிஜனும் குறைந்தால் வேலை மந்தமாகும். புகைக்காதவரைவிடப் புகைப்பவருக்கு இம்ப்ளாண்ட் தோற்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. வெற்றிலையோடு போயிலை போடுகிறவருக்குத் துப்புகிற பழக்கமும் எதிரி. முதல் 24 மணி நேரத்தில் காறித் துப்பினால், காயத்தை மூடியிருக்கும் ரத்த உறைவு பிய்ந்துவிடும். வைப்பதற்கு ஒரு வாரம் முன்பும், வைத்தபின் எட்டு வாரமும் புகையிலையை விட்டிருக்கச் சொல்வார்கள். முடிந்தால் அப்படியே விட்டுவிடலாம்.

சுகர் கட்டுப்பாட்டில் இல்லையென்றால் எலும்பு பிடிப்பது தாமதமாகும், சீழ் பிடிக்கும் பயமும் உண்டு. எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொள்கிறவர் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவற்றில் சில தாடை எலும்பு ஆறுவதையே கெடுக்கும்.

சாப்பாட்டு விஷயம் எளிது. வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய் இறங்கும். அதுவரை ஆறிய குழைசாதம், மோர், பாலில் ஊறிய இட்லி. இளநீரை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாமல் டம்ளரில் ஊற்றிக் குடிக்கலாம். நன்றாகக் கனிந்த சிறுமலைப் பழம் அந்த வாரத்துக்கென்றே விளைந்தது.

‘ஒரே நாளில் பல்’ என்ற விளம்பரம் முழுப் பொய்யல்ல. திருகும்போதே 35 நியூட்டன் சென்டிமீட்டர் அளவுக்கு இறுக்கம் கிடைத்தால், சிலருக்கு அன்றே தற்காலிகப் பல் பொருத்த முடியும். ஆனால் அதற்கடியிலும் எலும்பு தன் வாரங்களை எடுத்தே தீரும், அதுவரை அந்தப் பல்லில் கடினமானதைக் கடிக்கக் கூடாது. இதை விளம்பரத்தில் சேர்க்காமல் விடுவது தப்பு என்றே நினைக்கிறேன்.

பிடித்துவிட்டதா என்று அளக்க ஒரு கருவி இருக்கிறது. திருகின் தலையில் சிறு காந்தக் குச்சியைப் பொருத்தி, தொடாமலே அதை அதிர வைத்து, 1 முதல் 100 வரை ஓர் எண்ணைக் காட்டும். 70-ஐத் தாண்டினால் டாக்டர் தைரியமாகத் திருகின் மேல் மாட்டும் கேப்புக்கு அளவெடுப்பார். இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் அழுத்தத்தை உணரும் மெல்லிய நார்ப்படலம் உண்டு; இம்ப்ளாண்டுக்கு அது இல்லை. எவ்வளவு பலமாகக் கடிக்கிறோம் என்பதே சரியாகத் தெரியாது. அதனால்தான் கேப் போட்ட அன்று நிறத்தாளைக் கடிக்கச் சொல்லி, அழுத்தமாகப் பதிந்த இடத்தை ராவி, மறுபடி கடிக்கச் சொல்கிறார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தில் எழுந்து வந்துவிடாதீர்கள். அடுத்த ஒரு வருடத்துக்கு எலும்பு தன்னைத் திருத்திக்கொண்டே இருக்கும். வருடம் முடிந்து எடுக்கும் எக்ஸ்ரேயில்தான் அது எந்த மட்டத்தில் நின்றிருக்கிறது என்பது தெரியவரும்.